அண்ணனுக்குப் பதில் கப்பல் ஏறிய தம்பி

அண்ணனுக்குக் கப்பலில் இடம் பிடித்தாகிவிட்டது. பணமும் கட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணன் விஷக்காய்ச்சலில் படுத்துவிட்டார்.

அது 1863-ம் ஆண்டு. ஐரோப்பாவில் பெல்ஜியம் என்று ஒரு சிறிய நாடு. அங்கே லூவேன் நகரத்தில் ஒரு கத்தோலிக்க மடம். அந்த மடத்தில் பம்பீல் என்ற இளம் துறவி இருந்தார். பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாய் தீவுகளுக்குப் போய் மத ஊழியம் செய்யும்படி அவருக்கு உத்தரவு வந்திருந்தது. ஊரில் அப்போது டைபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. நோயாளிகளைப் பார்க்கப் போன பம்பீலுக்கும் அது தொற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் உலகத்தின் மறு கோடிக்குப் பிரயாணம் செய்ய உடம்பில் தெம்பு இல்லை.

அதே மடத்தில் அவருடைய தம்பியும் இருந்தார். வயது 23. படிப்பு முடியவில்லை. குருப்பட்டமும் பெறவில்லை. தம்பி, அண்ணனின் படுக்கை அருகே போனார். உங்கள் இடத்தில் நான் போனால் மனம் ஆறுமா என்று கேட்டார். அண்ணன் சம்மதித்தார்.

மடத்துத் தலைவர் சம்மதிக்க வேண்டுமே! படிப்பு முடியாத பையனை யார் அனுப்புவார்கள்? தம்பி அவரிடம் கேட்கவே இல்லை. அவரைத் தாண்டி, பாரிஸ் நகரில் இருந்த சபையின் பெரிய தலைவருக்கு நேராகக் கடிதம் எழுதிவிட்டார். அனுமதி வந்துவிட்டது!

இந்தத் தம்பிதான் பிற்காலத்தில் உலகம் முழுதும் பேர் பெற்ற தமியான் பாதிரியார்.

தானிய வியாபாரியின் மகன்

பெல்ஜியத்தில் திரெமெலோ என்ற கிராமத்தில் 1840-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப். நம் ஊரில் சூசை என்று வழங்கும் பெயர்தான் அது. தகப்பனார் தானிய வியாபாரி. பெரிய குடும்பம். மூத்த பெண்கள் இருவர் கன்னியாஸ்திரீகளானார்கள். பம்பீலும் மடத்தில் சேர்ந்தார். கடைக்கு வாரிசாக இந்த ஒரு பையனாவது வருவான் என்று தகப்பனார் நம்பியிருந்தார். பையன் நல்ல உடல்கட்டு உள்ளவன். மூட்டை தூக்குவான். தச்சு வேலையில் கை ஓடும். வியாபாரத்துக்குப் பிரெஞ்சு மொழி வேண்டும் என்று வெளியூருக்குப் படிக்க அனுப்பினார்.

படிக்கப் போன இடத்தில் பையனின் மனம் மாறிவிட்டது. அண்ணன் போன வழியே நம் வழி என்று முடிவு செய்தான். 1859-ம் ஆண்டு, 19 வயதில், அண்ணன் இருந்த மடத்திலேயே சேர்ந்தான். அங்கே அவருக்குக் கொடுத்த புதுப் பெயர்தான் தமியான். பணம் வாங்காமல் வைத்தியம் பார்த்த பழங்காலத்துப் புனிதர் ஒருவரின் பெயர் அது.

அவருக்குப் படிப்புப் போதாது என்று மடத்தார் கருதினார்கள். குருவாக முடியாது, மடத்து வேலைகளைச் செய்யும் சகோதரராக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். ஓய்வு நேரத்தில் அண்ணன் லத்தீன் மொழி சொல்லிக்கொடுத்தார். தம்பி மளமளவென்று கற்றுக்கொண்டார். பிறகே குருவாகப் படிக்க இடம் கிடைத்தது.

மடத்தில் புனித சவேரியாரின் படம் ஒன்று இருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த அதே சவேரியார்தான். தூர தேசத்துக்கு ஊழியம் செய்யப் போகும் வரம் வேண்டும் என்று தமியான் தினமும் அந்தப் படத்தின் முன்னால் ஜெபித்தார். அண்ணனின் காய்ச்சல் வழியாக அந்த வரம் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

தாயாரிடம் விடைபெற்றார். மறுபடி அந்தத் தாயும் மகனும் சந்திக்கவே இல்லை.

சூசையப்பர் திருநாளில்

அப்போது பனாமா கால்வாய் கிடையாது. பாய்மரக் கப்பல் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நாலரை மாதத்துக்கு மேல் கடலிலேயே கழிந்தது. 1864-ம் ஆண்டு மார்ச் மாதம் 19-ந் தேதி கப்பல் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. அன்று சூசையப்பர் திருநாள். தம் பெயர் கொண்ட புனிதரின் நாளில் வந்து இறங்கியதை தமியான் நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில், மே 21-ந் தேதி, அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது.

ஹவாய் அப்போது தனி ராஜ்யம். சொந்த ராஜா உண்டு. பெரிய தீவில் எரிமலைகளின் அடிவாரத்தில் இருந்த கிராமங்களை தமியானிடம் ஒப்படைத்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். ஜனங்களின் மொழியைக் கற்றார். குதிரையிலும் கோவேறு கழுதையிலும் மலை ஏறி இறங்கினார். கோயில் இல்லாத ஊரில் தாமே மரம் சுமந்து, தாமே இழைத்து, கோயில் கட்டினார். தானிய மூட்டை தூக்கிய தோளுக்கு அது பெரிய பாரமாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தத் தீவுகளில் வேறு ஒரு துயரம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு, அந்த ஜனங்கள் அதற்கு முன் கண்டறியாத நோய்கள் பல வந்தன. கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். 1872-ம் ஆண்டில் குடிக்கணக்கு எடுத்தபோது ராஜ்யம் முழுதிலும் சுமார் 57 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். அந்த நோய்களில் ஒன்று தொழுநோய்.

1865-ம் ஆண்டு சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. தொழுநோய் கண்டவர்களைப் பிடித்துத் தனியாக அடைக்க வேண்டும் என்பது சட்டம். கணவனிடமிருந்து மனைவியைப் பிரித்தார்கள். தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்தார்கள். தமியானின் கிராமங்களிலிருந்தும் பலர் அப்படிப் போனார்கள். போனவர் திரும்பியதில்லை.

மூன்று பக்கம் கடல்

அவர்களை அனுப்பிய இடம் மொலக்காய் தீவு. அந்தத் தீவின் வடபுறத்தில் நாக்குப் போல ஒரு நிலம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. மூன்று பக்கமும் அலை மோதும் கடல். நாலாவது பக்கம் சுவர் போல நிற்கும் மலை. அதன் உயரம் சுமார் 2,000 அடி. சிறைச்சாலைக்குக் கூட அப்படி ஓர் இடம் அமையாது!

1866-ம் ஆண்டு ஜனவரியில் முதல் நோயாளிகளை அங்கே இறக்கினார்கள். பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்று சர்க்கார் நினைத்தது. விரல் அழுகியவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள்? உணவு போதவில்லை. குடிதண்ணீர் தூரத்தில் இருந்தது. வலுத்தவன் இளைத்தவனிடமிருந்து பறித்தான். இறந்தவர்களை ஒரு கம்பளியில் சுற்றி மேலாகப் புதைத்தார்கள்.

நல்லவர்களும் அங்கே இருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். நோய் இல்லாத சிலர், நோய் கண்ட கணவனை அல்லது மனைவியை விட்டுப் பிரிய மனம் இல்லாமல் தாமாகவே உடன் வந்திருந்தார்கள். நாபேலா என்ற ஹவாய் நாட்டுப் பெரிய மனிதர் ஒருவர். மார்மன் சபையைச் சேர்ந்தவர். மனைவிக்கு நோய் வந்ததும் சொத்து சுகத்தை விட்டுவிட்டு அவளோடு வந்துவிட்டார். பிறகு அவருக்கும் நோய் வந்தது. 1879-ம் ஆண்டு அங்கேயே இறந்தார். தமியானுக்கு அவர் நல்ல சிநேகிதராக இருந்தார். தமியான் வருவதற்கு முன்பே அந்தக் கரையில் அன்பு இருந்தது. ஆனால் அதற்குக் கைகள் போதவில்லை.

தாழை மரத்தடியில்

1873-ம் ஆண்டு மே மாதம், மாவீ தீவில் ஒரு புதுக் கோயில் திறப்பு விழா. குருமார் பலர் கூடியிருந்தார்கள். விழா முடிந்ததும் பிஷப் தம் மனவேதனையைச் சொன்னார். மொலக்காயில் கிடக்கும் நோயாளிகள் ஒரு குருவானவர் வேண்டும் என்று கேட்கிறார்கள். அனுப்பினால் அவருக்கும் நோய் வந்துவிடலாம். யாரையும் கட்டாயப்படுத்த அவருக்கு மனம் இல்லை.

இளம் குருமார் நால்வர் முன்வந்தார்கள். மாற்றி மாற்றிச் சில வாரங்கள் போய் வருவது என்று பேசிக்கொண்டார்கள். முதல் முறைக்கு தமியான் போனார்.

மே 10-ந் தேதி பிஷப்பே அவரை அழைத்துக்கொண்டு போனார். அதே கப்பலில் புதிதாகப் பிடிபட்ட நோயாளிகள் சுமார் 50 பேரும் இருந்தார்கள். தமியானின் கையில் ஜெபப் புத்தகத்தைத் தவிர வேறு சாமான் இல்லை என்றே சொல்லலாம். தங்க வீடு கிடையாது. சிறு கோயில் ஒன்று மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் நம் ஊர்த் தாழை இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்று நின்றது. முதல் இரவுகளில் அந்த மரத்தடியிலேயே படுத்தார். அப்போது அவருக்கு வயது 33.

ஆரம்பத்தில் அவரால் தாங்கமுடியவில்லை என்பதே உண்மை. புண்களின் துர்நாற்றம் வயிற்றைப் புரட்டியது. பூசை நடுவில் வெளியே ஓடிப்போய்க் காற்று வாங்க வேண்டியிருந்தது. அந்த நாற்றத்தை மறைக்கப் புகையிலைக் குழாய் பிடிக்கப் பழகினார். நோயாளிகளைத் தொடாமல் இரு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் தொடாமல் எப்படிப் போடுவது? சாகிறவனின் நெற்றியில் தைலம் பூசுகிறவன் எப்படி விலகி நிற்பது? அவர் தொட்டார். அவர்களோடு உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் கை விட்டுச் சாப்பிட்டார். பிரசங்கம் செய்யும்போது நோயாளிகளோடு தம்மையும் சேர்த்தே பேசினார். அப்போது அவருக்கு நோய் இல்லை.

இன்னொரு விஷயமும் அந்த 1873-ம் ஆண்டில்தான் நடந்தது. நார்வே நாட்டில் ஹான்சன் என்ற டாக்டர், தொழுநோயை உண்டாக்கும் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து கண்டுபிடிக்க இன்னும் எழுபது ஆண்டு போக வேண்டியிருந்தது.

படகில் நின்று பாவசங்கீர்த்தனம்

தமியான் தாமாக அங்கே போன செய்தியை ஹொனலூலு பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அவரும் நிரந்தரமாக இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். மாற்றி மாற்றிப் போவது என்ற பேச்சு அதோடு போயிற்று.

பிறகுதான் சுகாதார அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். நோயாளிகளோடு பழகும் மனிதர் வெளியே வந்து போவதா? வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இருக்கிறேன் என்று தாமே சொன்னவருக்கு, போகக்கூடாது என்று சட்டமும் சொல்லிவிட்டது. அந்த உத்தரவு நாளடைவில் தளர்ந்தது. ஆனால் முதல் மாதங்களில் அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

கத்தோலிக்கக் குருவானவரும் இன்னொரு குருவானவரிடம் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். இதைப் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். தனியே, காதோடு காதாகச் சொல்வது வழக்கம். தமியானுக்கு அந்தக் கரையில் வேறு குரு ஏது? ஒரு நாள் அவருடைய சபைத் தலைவர் ஒரு கப்பலில் வந்தார். அவரைக் கரையில் இறங்கக் கப்பல்காரர் விடவில்லை. தமியான் படகில் போனார். அவரைக் கப்பலில் ஏறவும் விடவில்லை. தமியான் படகிலேயே நின்றார். கப்பலின் மேல்தட்டில் நின்ற பெரியவரைப் பார்த்து, தம் பாவங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கக் கத்திச் சொன்னார். கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் காது கேட்கும். மேலே இருந்து ஆசீர்வாதம் வந்தது. தமியான் படகைத் திருப்பிக்கொண்டு கரைக்குப் போனார்.

சுத்தியலும் ஜெபமாலையும்

1874-ம் ஆண்டு ஒரு பெரும் புயல் அடித்தது. நோயாளிகளின் புல் குடிசைகள் பறந்துபோயின. தமியான் சர்க்காரை நச்சரித்துப் பலகைகள் வாங்கினார். நடக்கக் கூடியவர்களைக் கூட்டி, வரிசையாக மரவீடுகள் எழுப்பினார். மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். பாதை போட்டார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தார். இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்தார். நூற்றுக்கணக்கில் செய்தார். குழியும் அவரே வெட்டினார். பாட்டுக்குழுவும் வாத்தியக் கோஷ்டியும் அமைத்தார். விரல் குறைந்தவர்களும் வாசித்தார்கள்! ஜனங்கள் அவரைக் காமியானோ என்று தங்கள் நாக்குக்கு ஏற்றபடி அழைத்தார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு, மார்மன் என்று அவர் வீட்டுக் கதவு பேதம் பார்த்ததில்லை.

கோபக்காரர். கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சிக் குடித்துக் கூத்தடித்தவர்களிடம் தடியை எடுத்துக்கொண்டு போய்ப் பானைகளை உடைப்பார். உதவிக்கு அனுப்பிய குருமாரோடு ஒத்துப்போகமாட்டார். மருந்தும் பலகையும் கேட்டு அவர் எழுதும் கடிதங்களைக் கண்டாலே அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அவருடைய சபைத் தலைவர்களுக்கும் அவர் தலைவலிதான். தலைவரைத் தாண்டிப் பாரிசுக்கு எழுதிய அதே பிள்ளைதானே! மென்மையான சாது ஒருவரை அந்தக் கரைக்கு அனுப்பியிருந்தால் தண்ணீர்க் குழாய் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

1881-ம் ஆண்டு இளவரசி லிலியுகலானி மொலக்காய்க்கு வந்தார். வரவேற்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவரால் பேச முடியவில்லை. கண்ணீர்தான் வந்தது. திரும்பிப் போய் தமியானுக்கு ராஜ்யத்தின் பெரிய விருதை அனுப்பினார். அந்தப் பதக்கத்தை அவர் அதிகமாக அணிந்ததில்லை.

வெந்நீரில் வைத்த கால்

1884-ம் ஆண்டு டிசம்பர். களைத்து வந்த தமியான், கால் கழுவ வெந்நீரில் பாதத்தை வைத்தார். தோல் கொப்புளித்தது. ஆனால் வலிக்கவில்லை! கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீர் சுடவே இல்லை. தொழுநோய் முதலில் உணர்ச்சியைத்தான் கொல்லும். பதினோரு ஆண்டுகள் அந்த நோயோடு பழகியவருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஜெர்மன் டாக்டர் ஆர்னிங் சோதித்துப் பார்த்து உறுதி செய்தார்.

ஊருக்குப் போய்ச் சிகிச்சை செய்துகொள்ள வழி இருந்தது. 1886-ம் ஆண்டு சில நாட்கள் ஹொனலூலு ஆஸ்பத்திரியில் இருந்தும் பார்த்தார். ராஜாவே வந்து பார்த்துப் போனார். ஆனால் தமியானுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. சீக்கிரமே மொலக்காய்க்குத் திரும்பிவிட்டார். அந்த ஆண்டே பெல்ஜியத்தில் அவர் தாயார் இறந்தார். மகனுக்கு நோய் வந்த சேதி அந்தத் தாயின் காதுக்கும் எட்டியிருந்தது.

உடம்பு சிதையச் சிதைய வேலை வேகம் பிடித்தது. கோயிலைப் பெரிதாக்கிக் கட்டத் தொடங்கினார். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபைக்காரர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். அவருடைய சொந்தத் தலைவர்களோ, பேர் வாங்குவதற்காகப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறார் என்று சந்தேகப்பட்டார்கள். நோயைவிட இது அவரை அதிகமாக வாட்டியது. பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குரு இல்லாமல் மாதக்கணக்கில் இருந்தார்.

கடைசி ஆண்டுகளில்தான் துணை வந்தது. 1886-ல் அமெரிக்காவிலிருந்து டட்டன் என்பவர் வந்தார். பழைய போர்வீரர். அடுத்த 44 ஆண்டுகள் நோயாளிகளின் புண்ணைக் கழுவிக்கொண்டு அங்கேயே இருந்தார். 1888-ல் மரியான் அம்மையாரும் உடன் கன்னியாஸ்திரீகளும் வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கிளிபர்டு என்ற ஆங்கில ஓவியர் வந்தார். அவர் கொண்டுவந்தது நம் அந்தமான் தீவுகளில் வளரும் மரத்திலிருந்து எடுத்த குர்ஜன் எண்ணெய். அந்தக் காலத்தில் அது தொழுநோய்க்கு மருந்து என்று பேசப்பட்டது. தமியான் தடவிக்கொண்டார். நோய் நிற்கவில்லை.

1889-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, ஈஸ்டருக்கு முந்திய பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமை, தமியான் இறந்தார். வயது 49. முதல் இரவுகளில் எந்தத் தாழை மரத்தடியில் படுத்தாரோ, அதே மரத்தடியில் அவரைப் புதைத்தார்கள்.

இறந்த பிறகு

இறந்த பிறகும் அவரை விடவில்லை. அழுக்கு மனிதர், முரடர், நடத்தை சரியில்லாததால்தான் நோய் வந்தது என்று ஹொனலூலுவில் இருந்த ஹைட் என்ற போதகர் எழுதிய கடிதம் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. புதையல் தீவு என்ற கதையை எழுதிய ஸ்டீவன்சன் அதைப் படித்தார். அவரும் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். தமியான் இறந்த அடுத்த மாதமே மொலக்காய்க்குப் போய்ச் சில நாட்கள் தங்கி, நோயாளிகளோடு பேசியவர். 1890-ம் ஆண்டு அவர் வெளியிட்ட பதில் கடிதம் நெருப்பாக இருந்தது. தமியானின் குறைகள் எதையும் அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பதிலை உலகம் நம்பியது.

அந்த நெருப்பு நம் தமிழ்நாடு வரை வந்தது. 1955-ம் ஆண்டு பெல்ஜியத்திலிருந்து டாக்டர் ஹெமரைக்ஸ் என்பவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள பொலம்பாக்கத்துக்கு வந்தார். நோயாளிகளைப் பிடித்து அடைப்பதை விட்டு, அவர்கள் இருக்கும் கிராமங்களுக்கே மருந்தோடு போய், மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். ஹவாயில் ஒதுக்கிவைக்கும் சட்டம் 1969-ம் ஆண்டு ஒழிந்தது. அதுவரை அந்தக் கரைக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 8,000 பேர். இன்று தொழுநோய் மாத்திரையால் குணமாகிறது. ஆறு மாதம், மிஞ்சினால் ஓர் ஆண்டு சாப்பிட்டால் போதும்.

1936-ம் ஆண்டு தமியானின் உடலை பெல்ஜியம் கேட்டு வாங்கி லூவேன் நகரில் அடக்கம் செய்தது. மொலக்காய் நோயாளிகள் அழுதார்கள். 1995-ம் ஆண்டு அவருடைய வலது கை மட்டும் பழைய குழிக்குத் திரும்பி வந்தது. 2009-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அண்ணன் பம்பீல் என்ன ஆனார்?

காய்ச்சல் தெளிந்து, மடத்திலேயே தங்கிவிட்டார். புத்தகமும் பாடமும் சொல்லிக்கொடுக்கும் வேலையுமாக ஆண்டுகள் ஓடின. தம்பியின் கடிதங்கள் தவறாமல் வந்தன. தம்பி இறந்ததும் அந்தக் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டவர் அவரே. பிறகு 1895-ம் ஆண்டு, தம்பி கப்பல் ஏறி 32 ஆண்டுகள் கழித்து, அண்ணனும் கப்பல் ஏறினார். அவருக்கு வயது 58. மொலக்காய்க்கு வந்தார். தம்பியின் குழியைப் பார்த்தார். தம்பி கட்டிய கோயிலில் பூசை வைத்தார். நோயாளிகளோடு இருந்து பார்த்தார். உடம்பும் இடம் கொடுக்கவில்லை, அந்த வாழ்க்கையும் பழகவில்லை. 1897-ம் ஆண்டு லூவேன் நகரத்துக்கு, தம் புத்தகங்களிடம் திரும்பிப் போய்விட்டார்.